குழியக்கா போட்ட அம்புக்குறி

என் மருமகளை நான் முதன்முதலில் பார்த்த அன்று அவள் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். மகன் கூட்டிக்கொண்டு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறான். நான் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு எதிரே நின்று "வாம்மா" என்கிறேன். அவள் எழுந்தாள், என்னைத் தாண்டிப் போனாள், சன்னலுக்குக் கீழே இருந்த விரிசலில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு. காபி குடிக்கிறியா?"

"ஒரு துண்டு பேப்பரும் கொஞ்சம் பசையும் கிடைக்குமா அத்தை?"

கல்யாணப் பேச்சே இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதற்குள் அத்தை. விரிசலுக்குக் குறுக்கே காகிதத்தை ஒட்டி, மேலே தேதி எழுதினாள். சுவர் அசைந்தால் காகிதம் கிழியுமாம். "ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றாள். ஆறு மாசம் கழித்து அவள் இங்கேயே குடிவந்துவிட்டாள், தினமும் சாவகாசமாகப் பார்க்கலாம் என்று.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவன் என் மகன். பெண்டாட்டியைப் பற்றி என்பதால் நடுநடுவே இரண்டு நல்ல வார்த்தை சேர்க்கப் பார்க்கிறான். எனக்கு எழுத்து தெரியாவிட்டால் என்ன, எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கக் காது இருக்கிறது. நான் சொன்னதை மட்டும் எழுதுடா.

இவனுக்கு அவள் கிடைத்த கதையும் அப்படித்தான். இவனுக்குப் பூட்டு ரிப்பேர் கடை. ஒருநாள் கடைக்கு ஒரு பெண் வந்து, ஊர்க்கோடியில் ஒரு இரும்புக் கதவு, துருப்பிடித்த பூட்டு, திறந்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். இவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். கதவைத் திறந்தால் உள்ளே வீடில்லை, வாசலில்லை, வெறும் புல்தரை. "இதுக்கா பூட்டு?" என்று ஒரு அடி எடுத்து வைத்தான். தரை உள்ளே போய்விட்டது, இவனோடு சேர்ந்து. இடுப்பு வரைக்கும் மண்ணுக்குள் நின்றுகொண்டு, "ஏங்க, ஏங்க" என்று கத்துகிறான். அவள் முதலில் செய்தது என்ன தெரியுமா? டேப்பை நீட்டி அளந்தது. "அசையாதீங்க, ஒரு நிமிஷம்" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டு, அப்புறம்தான் கையைக் கொடுத்தாளாம். அவள் வரைகிற ஊர்ப் படத்தில் குழி எண் பன்னிரண்டு என்று ஒன்று இருக்கிறது. ஆழம், என் மகனின் இடுப்பளவு.

கைகொடுத்துத் தூக்கினவளை இவன் விடவில்லை. அவளுக்கும் வசதிதான். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுச் சாவியைத் தொலைக்கிறவள் வேறு யாரைக் கட்டிக்கொள்ள முடியும்?

அவள் வேலை என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். இந்த ஊர் உட்கார்ந்திருப்பது சுண்ணாம்புப் பாறைமேல். தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஆடை கட்டுகிறதே, அது பாறை கரைந்து வந்ததுதான். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, பொந்தும் சந்துமாகப் பண்ணி வைத்திருக்கிறது. ஒருநாள் மேலே இருக்கிற தரைக்குப் பிடிமானம் போய்விடும், உள்ளே இறங்கிவிடும். இங்கே ஓடைகூட ஒழுங்காக ஓடாது. கொஞ்ச தூரம் ஓடிவிட்டு ஒரு பாறைக்கு அடியில் நுழைந்து காணாமல் போகும். அந்தத் தண்ணீர் எங்கேயோ ஒரு இடத்தில் ஊற்றாக வெளியே வரும். எந்தக் குழியில் இறங்கினது எந்த ஊற்றில் வருகிறது என்று கண்டுபிடித்துப் படத்தில் போடுவது அவள் உத்தியோகம். நில அளவை அலுவலகம், மாடியில் இரண்டு அறை, ஒரு சாய்வு மேசை, திறந்தால் மூடாத ஒரு பீரோ.

படம் எனக்கு நன்றாகப் பார்க்கத் தெரியும், எழுத்துதானே தெரியாது. குழி என்றால் ஒரு வளையம், வளையத்துக்கு உள்பக்கம் பார்த்துச் சின்னச் சின்னப் பல். ஊற்று என்றால் நீலப் பொட்டு, அதற்கு ஒரு வால். குழியிலிருந்து ஊற்றுக்குத் தண்ணீர் போகிறது என்று தெரிந்தால் ஒரு அம்புக்குறி. சந்தேகமாக இருக்கிற வரைக்கும் பென்சில். தீர்மானமாகத் தெரிந்தால் மை. மை போட்டுவிட்டால் அவள் சத்தியம் பண்ணின மாதிரி, அப்புறம் அழிக்க மாட்டாள்.

காலையில் புருஷனுடைய பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு கிளம்புவாள். கூடவே அளவுகோல் பிடிக்கிற ஒருவர். கோல்காரர் என்று கூப்பிடுவோம். ஐம்பது வயசு, ஊர்ச் செய்தி எல்லாம் அவர் வாயில். இரண்டு பேரும் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள்.

"உங்க வீட்டுல எங்கயாவது தரை இறங்கியிருக்காக்கா?"

"எங்க வீட்டுலயா? சேச்சே. பக்கத்து வீட்டுல கேளு."

பக்கத்து வீட்டுக்காரி, "எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல. அவ வீட்டுல பீரோவுக்கு அடியில பாத்தியா?" என்பாள்.

யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? படத்தில் ஏறிவிட்டால் வீட்டை விற்க முடியாது, வாடகைக்கு விட முடியாது. கட்டிலைப் போட்டு மறைப்பார்கள், தண்ணீர்த் தொட்டியை வைத்து மறைப்பார்கள். சைக்கிள் கடைக்காரர் பழைய டயராகப் போட்டுப் போட்டுத் தன் கொல்லைக் குழியை மூடப் பார்த்தார். அறுபது டயர் போட்டும் நிறையவில்லை என்று கடைசியில் அவரே வந்து, "அம்மணி, கொஞ்சம் வந்து பாருங்க, பயமா இருக்கு" என்றார். இப்படித்தான் தெருக் குழந்தைகள் அவளுக்குக் குழியக்கா என்று பேர் வைத்தார்கள். இப்போது தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

உறவுக்காரர் ஒருவர் புது வீடு கட்டி எங்களை விருந்துக்குக் கூப்பிட்டார். எல்லாரும் மேலே பார்த்து "நல்ல உயரம், நல்ல வெளிச்சம்" என்கிறார்கள். இவள் மட்டும் கீழே பார்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறாள். சாப்பிட உட்கார்ந்ததும், "மாமா, முற்றத்துத் தண்ணி எங்க போகுது?" என்றாள். மாமா பெருமையாக, "அதான் அதிசயம்! ஒரு குழாயும் வைக்கல, தானாவே உள்ள போயிடுது" என்றார். அவள் கையில் எடுத்த சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. முற்றத்தை மட்டும் தோண்டி, அடியில் கல் போட்டு இறுக்கினார்கள் என்று கோல்காரர் சொன்னார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குழி எண் நாற்பத்தொன்று.

ஊரின் மேற்குப் பக்கம் வண்டி ரிப்பேர் ஷெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் ஒருவருக்குச் சொந்தம். ஷெட்டுக்காரர் என்றால் தெரியாதவர் இல்லை. ஷெட்டுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளம், இரண்டு வீடு உள்ளே இறங்கி நிற்கலாம். கருத்த எண்ணெய், ஓட்டை டிரம், கிழிந்த சீட்டு எல்லாம் அதில்தான் போகும். ஊராட்சியில் ஒரு யோசனை வந்தது. ஊர்க் குப்பையை எல்லாம் அதில் கொட்டி மூடிவிடலாம், இடத்துக்கு இடமும் ஆச்சு என்று. ஷெட்டுக்காரர் உடனே சரி என்றார். மேலே சமதளமாகிவிட்டால் இன்னும் நாலு ஷெட்டு போடலாமே.

என் மருமகள் ஒருத்திதான் குறுக்கே நின்றாள். "அந்தப் பள்ளத்துத் தண்ணி படி ஊத்துக்குப் போகுது" என்றாள். படி ஊற்று என்றால் கீழே பத்துப் படி இறங்கிப் பிடிக்கிற ஊற்று, நாலு தெருவுக்குக் குடிதண்ணீர் அதுதான். குடிக்கிற ஊற்றோடு தொடர்பு இருக்கிற குழியில் எதையும் கொட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் தொடர்பு இருக்கிறது என்று படத்தில் மையால் இருக்க வேண்டும். அவளிடம் இருந்தது மூன்று வருஷமாகப் பென்சில்.

"நீங்க சொன்னா ஆச்சா? காட்டுங்க" என்றார்கள். கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்குள் காட்டாவிட்டால் மறுநாளே குப்பை லாரி போகும்.

காட்டுவதற்கு ஒரு வழி உண்டு. ஒரு சாயப்பொடி. டப்பாவில் பார்த்தால் செங்கல் தூள் மாதிரி சிவப்பு, தண்ணீர் பட்டால் பச்சை. உடம்புக்கு ஒன்றும் செய்யாது. அதைக் குழியில் ஊற்றி, பின்னாலேயே லாரித் தண்ணீரை விடுவார்கள். ஒவ்வொரு ஊற்றிலும் பை தொங்கவிடுவார்கள். கொசுவலைத் துணியில் உள்ளங்கை அளவுப் பை, உள்ளே நொறுக்கின கரி. கண்ணுக்குத் தெரியாத அளவு சாயம் வந்தால்கூடக் கரி பிடித்து வைத்துக்கொள்ளுமாம். பையை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பைகளைத் தைத்தது நான். ஆறு ஊற்று, ஊற்றுக்கு இரண்டு, பன்னிரண்டு பை. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை, அதையும் எழுதிக்கொள்.

சாயத்தைத் தொட்ட கை பையைத் தொடக்கூடாது. அது அவர்கள் தொழிலில் பெரிய விதி. அதனால் சாயம் அவள் பொறுப்பு, பை கோல்காரர் பொறுப்பு. கரி போட்டுத் தைத்த பைகளை ஒரு டப்பாவில் அடுக்கி எங்கள் வீட்டுப் பரண்மேல் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அலுவலக முற்றத்தில் சாயம் கலந்துவிட்டு வந்தாள். உடுத்தியிருந்ததைக் கழற்றி ஒரு சாக்கில் கட்டிக் கொல்லையில் வைத்தாள்.

"அத்தை, அதைத் தொடாதீங்க. சாயங்காலம் வந்து நானே அலசிக்கறேன்."

"சரி."

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அழுக்குத்துணி சாக்கில் கட்டிக் கிடக்கிறபோது நான் எப்படி உட்கார்ந்திருப்பது? அவிழ்த்துப் பார்த்தேன். சட்டைக் கையில் கொஞ்சம் செங்கல் தூள். இதற்கா இவ்வளவு என்று நீல வாளியில் முக்கினேன். வாளித் தண்ணீர் அப்படியே பச்சைப் பசேல் என்று மாறிவிட்டது, குளத்துப் பாசியைக் கரைத்த மாதிரி. துவைத்துப் போட்டேன். வாளியைக் கழுவினேன். நிமிர்ந்தால் பரணிலிருந்து கரித்தூள் உதிர்ந்து, சமையல்கட்டுச் சுவரில் கோடு கோடாக இருக்கிறது. டப்பாவை இறக்கினேன். பைகளெல்லாம் மை பூசின மாதிரி. தொட்டால் கையெல்லாம் கரி. அதே வாளியில் தண்ணீர் பிடித்து ஒவ்வொன்றாக அலசி, பிழிந்து, கொடியில் காயப்போட்டு, மறுபடி டப்பாவில் அடுக்கி வைத்தேன். மூன்று தண்ணீர் மாற்றினேன். அது சத்தியம். சாயங்காலம் வந்தவள் கொடியில் துவைத்துத் தொங்குகிற சட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பையைப் பற்றி அவள் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை.

மறுநாள் காலையில் கோல்காரர் வந்தார். டப்பாவைத் தொடுவதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து புதுக் கையுறை எடுத்து, ஊதி, விரல் விரலாக மாட்டிக்கொண்டார். நான் வெறுங்கையால் பிழிந்த பைகளை அவர் கையுறை போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆய்வுக்கூடத்துக் கடிதம் கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வந்தது. அன்று மத்தியானமே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். கோல்காரர் பின்னால் நின்றுகொண்டு சிரிப்பும் கவலையுமாக இருந்தார்.

"என்னடி ஆச்சு? வரலையா?"

"வந்திருக்கு அத்தை. ஆறு ஊத்துலயும் வந்திருக்கு."

"நல்லதுதானே?"

"மேட்டு ஊத்துலயும் வந்திருக்கு. மேட்டு ஊத்து அந்தப் பள்ளத்தைவிடத் தொண்ணூறு அடி உசரத்துல இருக்கு. தண்ணி மலையேறிப் போச்சுன்னு எழுதவா?"

கோல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், மேட்டு ஊத்த மட்டும் விட்டுடலாமே. படி ஊத்துல வந்திருக்கில்ல? நீங்க மூணு வருஷமா சொல்றது அதானே? அதை மட்டும் மையில போட்டுடுங்க. யாரு கேக்கப்போறா?"

"உங்க கோல்ல ஒரு அடி தப்பா இருந்தா மத்த அடிய நம்புவீங்களா?"

"அது கோலு மேடம். இது குப்பை லாரி. நாலு நாள்ல வந்து நிக்கும்."

 அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். சாயம் யார் தொட்டது, டப்பா எங்கே இருந்தது, பையை யார் தொட்டது.

"அத்தை, பையை நீங்க தொட்டீங்களா?"

"தொடலை."

"அத்தை."

"தொடலைங்கறேன்ல. அலசினேன்."

கோல்காரர் சுவரோடு சாய்ந்துகொண்டார். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை, நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"எந்த வாளி?"

"நீல வாளி."

"என் சட்டைக்கு அப்புறமா, முன்னாடியா?"

"அப்புறம்."

"எத்தனை தண்ணி மாத்துனீங்க?"

"மூணு."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நாற்பது வருஷமாகத் துணி துவைக்கிறேன், ஒருவரும் அதை நோட்டில் எழுதினதில்லை.

கூட்டத்தன்று வராதீர்கள் என்றாள். குடையை எடுத்துக்கொண்டு போனேன். ஊராட்சி மண்டபம், தகர நாற்காலி, ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் தலைவர் தலைக்கு மேலே. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து நின்று படத்தை விரித்தாள்.  இந்தப் படத்தை நம்பித்தான் நாலு தெரு இருக்கிறது, அந்தப் படத்தில் அவள் சொல்ல ஒன்றுமில்லை.

"சோதனை கெட்டுப்போச்சு. அதனால முடிவு எதுவும் சொல்ல முடியாது. இன்னும் மூணு வாரம் கொடுங்க."

ஷெட்டுக்காரர் முன் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "எப்படிக் கெட்டுது?"

"வீட்டுல ஒரு கைத்தவறு."

"யாரு கை?"

"பை என் பொறுப்புல இருந்தது. அதனால என் கைதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். "பொய் சொல்றா. என் கைதான். நான்தான் அலசினேன். மூணு தண்ணி மாத்தினேன்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மருமகள் படத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஷெட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "மாமியா மருமக சண்டைக்காக ஊர் வேலை காத்திருக்கணுமா?" என்றார்.

"சண்டையா? சண்டை போட்டிருந்தா அவ துணிய நான் எதுக்குப்பா தொவைக்கிறேன்?"

அதற்கும் சிரித்தார்கள். தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மனுஷர் உடனே முடியாது என்று சொல்ல முடியுமா? "சரி, மூணு வாரம்" என்றார். "ஆனா கரி மூட்டைக் கதையெல்லாம் வேணாம். நாங்க எங்க கண்ணால பாக்கணும். தண்ணி பச்சையா வந்தா பள்ளத்த விட்டுடறோம். வரலைன்னா லாரி."

கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் சாயம் நிறைய வேண்டும். இந்தத் தடவை அவள் வீட்டுப் பக்கமே எதையும் கொண்டுவரவில்லை. அலுவலகத்திலேயே குளித்து, அலுவலகத்திலேயே உடை மாற்றி வந்தாள். ஆறு ஊற்றிலும் பலகை வைத்தாள். தண்ணீர் பச்சையாக வந்தால் பயப்படாதீர்கள், எங்களுக்குச் சொல்லுங்கள் என்று. ஒவ்வொரு ஊற்றுக்கும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். பள்ளிக்கூட ஊற்றுக்கு மட்டும் தனியாக ஆள் போடவில்லை. அது ஊருக்குக் கிழக்கே, மேட்டுக்கு அந்தப்புறம், நாற்பத்தொன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பது. கணக்குக்கு ஒன்று சேர்த்திருந்தாள், அவ்வளவுதான். "நாங்களே பாத்துக்கறோம்" என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார்.

படி ஊற்றுக்கு நான் போனேன். யாரும் கூப்பிடவில்லை. முக்காலியும் குடையும் எடுத்துக்கொண்டு பத்தாவது படிக்கு மேலே உட்கார்ந்தேன். நாலு தெருவும் அங்கேதான். பாட்டுப் பாடாத குறை. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மருமகள் காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் வந்து கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பாள். தெளிவாக இருக்கும். நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவாள். ஷெட்டுக்காரரும் தினமும் வருவார், மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கேட்பார்.

"என்னம்மா, பச்சையா?"

"உங்க சட்டைதான் பச்சை."

"இன்னும் ரெண்டு வாரம்தான்."

"எனக்கும் எண்ணத் தெரியும்."

ஐந்து நாள் ஆயிற்று. அவள் சாப்பாட்டைக் கையால் அளைந்துகொண்டு இருந்தாள். சாயம் எங்கேயாவது சேற்றில் தங்கிவிட்டதோ, வேறு பொந்தில் நின்றுவிட்டதோ என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். மகன் சமாதானம் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டான். எழுது, அதையும் எழுது.

ஆறாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அவள் படியில் நின்று குவளையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். பெரிய டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். அவர் வேகமாக வண்டி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. ஒரு கையில் தண்ணீர் பாட்டில்.

"குழியக்கா! இதைப் பாருங்க!"

பாட்டிலில் இருந்தது தளிர் இலை மாதிரி பச்சை.

 என் மருமகள் குவளையைப் படியிலேயே வைத்துவிட்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டாள். நான் கோல்காரரின் வண்டியில் ஏறினேன். அவர் வேண்டாம் என்றார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஊற்றிலிருந்து வருகிற நீளக் குழாய், அதில் எட்டுத் திறப்பு. எட்டிலும் பச்சை கொட்டுகிறது. பிள்ளைகள் குவளையோடு வரிசையாக நின்று, ஆளுக்கு ஆள் தள்ளிக்கொண்டு, திருவிழா மாதிரி கும்மாளம். அவள் போன வேகத்தில் எட்டையும் மூடினாள். "யாரு யாரு குடிச்சீங்க?" என்று கேட்டாள். பாதிக் கைகள் உயர்ந்தன.

"சாயம் ஒண்ணும் பண்ணாது டீச்சர்" என்றாள். "ஆனா சாயம் வந்த வழியிலதான் ஷெட்டு எண்ணெயும் வருது. எத்தனை வருஷமோ தெரியல. இந்தக் குழாயத் தொறக்காதீங்க. மேட்டு ஊத்துத் தண்ணிய லாரியில கொண்டாரச் சொல்றேன்."

கோல்காரர் முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவர் சொன்னபடி மை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்லதாக ஓடுகிற படி ஊற்றை மூடிவிட்டு, நாலு தெருவையும் குடத்தோடு அலையவிட்டு, பிள்ளைகளை எண்ணெய்த் தண்ணீர் குடிக்க விட்டிருப்பார்கள். அதுவும் அவள் கையெழுத்தோடு.

"மேடம்" என்றார் அவர், "அன்னிக்கு நான் ஏதோ சொன்னேன்..."

"பேசாம பாட்டில் கொண்டாங்க."

ஷெட்டுக்காரர் மத்தியானம் வந்தார். அவர் மகளுடைய மகள் அங்கே மூன்றாம் வகுப்பு. அவளும் கை தூக்கினவள். மனுஷர் மூடின குழாயைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார், கைக்குட்டை தேடினார், கிடைக்கவில்லை.

"படி ஊத்துன்னு சொன்னீங்களேம்மா" என்றார் கடைசியில். சண்டைக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"நான் நினைச்சது தப்பு" என்றாள் என் மருமகள். "மூணு வருஷமா தப்பு."

மறுநாள் குழிக்குப் போனது அவருடைய லாரிதான். கொட்டுவதற்கு இல்லை, எடுப்பதற்கு. ஷெட்டில் வண்டி தூக்குகிற சங்கிலியைக் கொண்டுவந்து மாட்டி, டிரம் டிரம்மாக மேலே இழுத்தார்கள். பதினாறு நாள் நடந்தது. ஊராட்சியில் அந்தத் தீர்மானத்தைப் பற்றி யாரும் பிறகு வாய் திறக்கவில்லை.

அவள் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். நாற்பத்தொன்றிலிருந்து படி ஊற்றுக்குப் போட்டிருந்த பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தாள். போட்டுப் போட்டு அழுத்தினதில் காகிதம் அந்த இடத்தில் பட்டு மாதிரி மெலிந்திருந்தது. பிறகு மைப் பேனாவை எடுத்து, மேட்டுக்கு அடியிலேயே குறுக்காகக் கிழக்கே இழுத்து, பள்ளிக்கூடத்து நீலப் பொட்டில் முனையை வைத்தாள்.

"மூணு வருஷம் நாலு தெருவையும் பயமுறுத்தி வச்சிருந்தியேடி" என்றேன்.

"ஆமா அத்தை."

"நான் அலசலைன்னா அன்னிக்கே படி ஊத்துல வரலைன்னு தெரிஞ்சிருக்கும்."

"ஆமா அத்தை. பள்ளிக்கூடத்துல வருதுன்னும் ரெண்டு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

 தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், பேனாவுக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வைத்தேன்.

இப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. திங்கட்கிழமை தவறாமல் பள்ளிக்கூடத்துக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஆய்வுக்கூடத்துக்கு ஒன்று போகிறது, வீட்டுக்கு ஒன்று வருகிறது. பெரிய டீச்சர் ஒவ்வொரு வாரமும், "தொறக்கலாமா குழியக்கா? லாரிக்காரன் தலையத் திங்கறான்" என்கிறார். போன வாரம் ஆய்வுக்கூடத்தில் சரி என்றே எழுதிவிட்டார்கள். ஷெட்டுக்காரர் முகர்ந்து பார்த்து ஒன்றுமில்லை என்றார், கோல்காரரும் ஒன்றுமில்லை என்றார். நேற்று என் மூக்குக்கு நேரே பாட்டிலை நீட்டினாள்.

"என்ன வாடை வருது அத்தை?"

"ஒண்ணும் வரல. தண்ணி வாடைதான் வருது."

அவள் வாங்கி மறுபடி ஒருமுறை மோந்தாள். மூடியைத் திருகினாள். அவளுக்கு மட்டும் எங்கேயோ கொஞ்சம் இருக்கிற மாதிரி படுகிறதாம். இன்னும் ஒரு திங்கட்கிழமை பார்த்துவிடலாம் என்கிறாள்.